அட்டை ஒன்றில் 2019, மற்றொன்றில் 2022: வேலையற்றோர் உதவித்தொகைக்கு எந்தப் பதிவு நாள் செல்லும்?

முக்கூடல் வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலைச் சேர்ந்தவள். 2019இல் பி.காம். முடித்து, அதே ஆண்டு ஜூலை மாதம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டப்படிப்பைப் பதிவு செய்தேன். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பது தெரிந்திருந்ததால், 2022 ஜூலையில் ஒரு கணினி மையத்தில் அட்டையைக் கொடுத்துப் புதுப்பித்துத் தரும்படி கேட்டேன். என் பழைய கைப்பேசி எண் மாறிவிட்டபடியால் கடவுச்சொல்லை மீட்க முடியவில்லை என்று சொன்ன மையத்துக்காரர், அரை மணி நேரம் கழித்து ஓர் அட்டையை அச்சிட்டுக் கொடுத்து, ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். நானும் அதை வாசித்துப் பார்க்காமல் நான்காக மடித்து, அம்மாவின் பீடிப் பாஸ்புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன்.

இந்த ஜூலையில், 2025இல், மறுபடியும் புதுப்பிப்பதற்காக எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதில் பதிவு எண் வேறாக இருக்கிறது. பதிவு நாளும் 2022 ஜூலை என்றே இருக்கிறது. அவர் புதுப்பிக்கவே இல்லை. என்னைப் புதிய ஆளாகப் பதிந்துவிட்டார். வேலையற்றோர் உதவித்தொகைக்கு ஐந்தாண்டுப் பதிவு வேண்டும் என்கிறார்கள். என் பழைய அட்டைப்படி ஆறு ஆண்டுகள் ஆகின்றன, புதிய அட்டைப்படி மூன்றுதான் ஆகிறது. எது செல்லும்?

இத்துடன் இன்னும் இரண்டு ஐயங்கள். அம்மா பீடி சுற்றுகிறார்கள். மாலை நேரங்களில் நானும் சொளகை மடியில் வைத்து உட்கார்ந்து, இலை வெட்டிக் கொடுப்பதும் சுற்றுவதும் உண்டு. பாஸ்புத்தகம் அம்மா பெயரில்தான் இருக்கிறது. இதனால் நான் வேலையில் இருப்பவள் என்று கருதப்படுவேனா? அடுத்தது, என் அண்ணன் பி.இ. படித்தவன். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக மூன்று ஆண்டுகள் இருந்தான். மாதச் சம்பளம் 15,000 ரூபாய். இரண்டு மாதங்களுக்கு முன்பு ஆள் குறைப்பு என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அவனும் இதே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா? அப்பா இல்லாத வீடு என்பதால் இவற்றைக் கேட்டறிய வேறு ஆள் இல்லை. தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாளை ஓய்வூதியர் எழுதியது:

அன்புள்ள மகளுக்கு, வேலைவாய்ப்புத் துறையில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததைப் போன்ற பிழையை நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் பலமுறை கண்டிருக்கிறேன். புதுப்பித்தலுக்குப் பழைய கடவுச்சொல் வேண்டும். புதிய பதிவுக்கு வேண்டியதில்லை. அவசரத்தில் இருக்கும் மையத்துக்காரர் எளிய வழியில் போய்விடுகிறார், போனது நம்முடைய பதிவு மூப்பு.

முதலில் உதவித்தொகையின் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் தோல்வியுற்றவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேர்ச்சி பெற்றவர்களுக்கு 300 ரூபாய், மேல்நிலைப் படிப்பு முடித்தவர்களுக்கு 400 ரூபாய், பட்டதாரிகளுக்கு 600 ரூபாய் என்ற கணக்கில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே இது கிடைக்கும்; ஒரு முறை முழுமையாகப் பெற்றவர் மறுபடியும் கேட்க முடியாது. பதிவு செய்து, விடாமல் புதுப்பித்து, ஐந்து ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. வயது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45, மற்றவர்களுக்கு 40 வரை. விண்ணப்பதாரர் எங்கும் சம்பளம் பெறுபவராகவோ சுயதொழில் செய்பவராகவோ இருக்கக் கூடாது. கல்லூரிக்கு நேரடியாகச் சென்று படிப்பவராகவும் இருக்கக் கூடாது. அஞ்சல் வழியில் படிப்பதற்குத் தடை இல்லை.

ஐந்தாண்டு என்பதை விண்ணப்பம் கொடுக்கும் நாளை வைத்துக் கணக்கிடுவதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31 என்று காலாண்டு முடியும் நாட்கள் நான்கு இருக்கின்றன அல்லவா? அந்த நாளன்று ஐந்தாண்டு நிறைந்திருக்கிறதா என்றே பார்ப்பார்கள். ஆகவே உங்களுடைய 2022 ஜூலைப் பதிவு மட்டுமே நிற்குமானால், 2027 ஜூலையில் ஐந்தாண்டு முடிந்து, 2027 செப்டம்பர் 30 அன்றைய நிலையில் நீங்கள் தகுதி பெறுவீர்கள். 2019ஆம் ஆண்டுப் பதிவு உயிரோடு இருந்திருந்தால் 2024 செப்டம்பரிலேயே தகுதி வந்திருக்கும். இடையில் உள்ளது மூன்று ஆண்டு. அந்தக் கணினி மையத்தில் கழிந்த அரை மணி நேரத்தின் விலை அது.

பழைய பதிவை மீட்க வழி உண்டா என்று கேட்டால், எழுத்து மூலமாக ஒரு மனு கொடுக்காமல் யாரும் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லிவிட முடியாது. உரிய காலத்தில் புதுப்பிக்காத பதிவு கணக்கிலிருந்து நீங்கிவிடும் என்பது பொது விதி. ஆனால் அரசு அவ்வப்போது சிறப்புப் புதுப்பித்தல் சலுகை அறிவிப்பதுண்டு. 2021ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வந்த அரசாணைப்படி, 2017, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கத் தவறியவர்கள் மூன்று மாத காலத்துக்குள் தங்கள் பதிவு மூப்பை இழக்காமல் புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. நீங்கள் தவறிய ஆண்டு 2022. அந்த ஆண்டுக்கும் அப்படி ஒரு சலுகை வருமானால், பழைய அட்டை கையில் இருப்பவருக்குத்தான் அது பயன்படும். ஆகவே அந்த 2019 அட்டையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு அட்டைகளின் நகல், பட்டச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை ஆகியவற்றோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலருக்கு முகவரியிட்டு, நடந்ததை நடந்தபடியே எழுதி மனுக் கொடுங்கள். "புதுப்பிக்கக் கேட்டேன், புதிதாகப் பதியப்பட்டுவிட்டது, ஒருவர் பெயரில் இரு பதிவுகள் இருப்பதைச் சரி செய்து, முந்தைய பதிவைத் தொடரும்படி ஆணையிட வேண்டுகிறேன்" என்ற அளவில் போதும். கணினி மையத்துக்காரரைத் திட்டி நான்கு பக்கம் எழுத வேண்டாம். அதைப் படிக்க அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்காது. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்காமல் படியிறங்காதீர்கள். அதே நாளில் 2022ஆம் ஆண்டுப் பதிவையும் புதுப்பித்துவிடுங்கள். பழையதைக் கேட்டுக்கொண்டு, கையில் இருப்பதையும் தவறவிட்டால் இரண்டும் போய்விடும்.

பீடி விஷயம். உங்கள் பெயரில் பாஸ்புத்தகமும் சேமநல நிதிக் கணக்கும் இருந்தால் நீங்கள் ஊதியம் பெறுபவர்தான், அதில் ஐயமில்லை. அம்மாவின் பெயரில் உள்ள வேலையில் மகள் கைகொடுப்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளது. அந்தக் கூலி அம்மாவின் வருமானமாகக் குடும்ப வருமானத்தில் சேரும். உதவித்தொகை பெறும் காலத்தில் ஆண்டுதோறும் ஒரு சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். வேலையில் இல்லை என்று நீங்களே கையொப்பமிட்டுத் தரும் தாள் அது. ஆகவே பின்னாளில் உங்கள் பெயருக்கும் ஒரு பாஸ்புத்தகம் போடலாம் என்று யாராவது சொன்னால், எது வேண்டும் என்பதை அன்றைக்கே முடிவு செய்துகொள்ளுங்கள். சேமநல நிதியோடு கூடிய பாஸ்புத்தகம் 600 ரூபாயைவிடப் பெரிது என்பது என் கருத்து.

அண்ணனுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இது பொருந்தாது. அவர்கள் எளிதில் வேலை பெற்றுவிடுவார்கள் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட விதி. இன்று அந்த விதியை எழுதுபவர் ஒரு முறை கங்கைகொண்டான் பக்கம் போய்வந்து எழுதினால் நல்லது.

மேலப்பாளையம் தேர்வாளர் எழுதியது:

அக்கா, ஓய்வூதியர் ஐயா சொன்ன விதிகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கணக்குப் பார்த்தால் மாதம் 600 என்பது மூன்று ஆண்டுக்கு 21,600 ரூபாய். இதற்காக வருமானச் சான்று, வருவாய் ஆய்வாளர், மனு, முத்திரை என்று அலைந்து தீர்க்கும் நாட்களைப் படிப்பதில் செலவிட்டால் பலன் அதிகம் என்பது என் அனுபவம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என்னை இழுத்தது உதவித்தொகை அன்று; அங்கே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டம்தான். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்குக் கட்டணமில்லாமல் வகுப்பு நடத்துகிறார்கள். மாதிரித் தேர்வு வைக்கிறார்கள். உட்கார்ந்து படிக்கப் புத்தகங்களும் இருக்கின்றன. தனியார் பயிற்சி மையத்தில் ஆயிரக்கணக்கில் கட்ட முடியாத என்னைப் போன்றவர்களுக்கு அதுவே கல்லூரி.

நான்காம் தொகுதித் தேர்வுக்கு, அதாவது குரூப் 4 தேர்வுக்கு, பத்தாம் வகுப்புத் தகுதியே போதும். மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 100 வினாக்கள், தமிழ்த் தகுதித் தேர்வு. அந்தப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பள்ளியில் தமிழை ஒழுங்காகப் படித்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது ஒரு வாய்ப்பு. மாலையில் சொளகு மடியில் இருக்கும்போது பக்கத்தில் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவும் பீடி சுற்றியவர்தான். நான் உரக்கப் படிப்பேன், அவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். திருக்குறளில் எனக்கு மறந்த அடியை இன்றைக்கும் அவர்கள்தான் எடுத்துக்கொடுக்கிறார்கள்.

பாளை ஓய்வூதியர் எழுதியது:

தம்பி, படிக்கச் சொன்னது மிகச் சரி. ஆனால் அலைச்சலுக்கு அஞ்சிப் பதிவை விட்டுவிடச் சொல்லாதீர்கள். உதவித்தொகை பெறுவதால் பதிவு மூப்புக்கு ஒரு குறையும் வராது. பயிலும் வட்டத்தில் சேர்வதற்கும் அது தடையன்று. இரண்டையும் ஒரே நாளில், ஒரே கட்டிடத்தில் முடித்துக்கொள்ளலாம்.

பதிவு மூப்புக்கு முன்பிருந்த மதிப்பு இப்போது இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நான் பணியில் சேர்ந்த காலத்தில் அலுவலகத்திலிருந்து பெயர்ப் பட்டியல் போனால்தான் நேர்காணல். எங்கள் அறையில் இருந்த இரும்புப் பெட்டிகளில் அட்டைகள் ஆண்டு வாரியாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும், நேர்காணல் கடிதம் வந்த வீட்டில் இனிப்பு வாங்குவார்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி, 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள்கூடத் தங்கள் காலியிடங்களை எங்களுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பகம் அனுப்பும் பெயர்களோடு நின்றுவிடாமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கும் மற்றவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்புதான். அதற்குப் பிறகு போட்டித் தேர்வுகளே பெருகின. எங்கள் இரும்புப் பெட்டிகளும் மெல்ல ஓய்ந்தன. ஆனாலும் சில பணியிடங்களுக்கு இன்றும் பட்டியல் கேட்டு வருகிறது. அப்படி வரும் நாளில் உயிரற்ற பதிவு வைத்திருப்பவர் பெயர் பட்டியலில் ஏறாது.

ஆலைச் சங்கத்துக்காரர் எழுதியது:

தங்கச்சி, உங்கள் அண்ணன் விஷயத்தில் ஓய்வூதியர் அண்ணாச்சி சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். மாநில அரசின் உதவித்தொகையில் அவருக்கு இடமில்லாமல் போகலாம்; ஆனால் அவர் மூன்று ஆண்டுகள் தொழிற்சாலையில் வேலை செய்திருக்கிறார், சம்பளம் 21,000 ரூபாய்க்குக் கீழே. அப்படியானால் அவருக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று சொல்வது, பிடித்திருக்க வேண்டும். சம்பளத்தில் 0.75 விழுக்காடு அவரிடமிருந்தும், 3.25 விழுக்காடு முதலாளியிடமிருந்தும் செல்வது. ஆஸ்பத்திரிக்குத்தான் அந்த அட்டை என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை போனவருக்கும் அதில் பணம் உண்டு.

அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற பெயரில் 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் திட்டம் இது. தொடக்கத்தில் சராசரி நாள் ஊதியத்தில் கால் பங்கு என்று இருந்ததை, கொரோனா காலத்தில், 2020இல், பாதியாக உயர்த்தினார்கள். அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒரு முறை கிடைக்கும். வேலை போய் 30 நாட்கள் கழிந்த பிறகு கேட்கலாம்; உங்கள் அண்ணனுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டதால் காலம் வந்துவிட்டது. முன்பு முதலாளி வழியாக விண்ணப்பம் போக வேண்டும் என்று இருந்தது. வேலையை விட்டு நிறுத்திய அதே ஆளிடம் போய்க் கையொப்பம் கேட்டு நிற்கும் அந்த அவலமும் 2020க்குப் பிறகு இல்லை. தொழிலாளியே இணையத்தில் கோரிக்கையைப் பதிந்து, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரடியாகக் கொடுக்கலாம்.

தொகையைக் கணக்கிடும் முறையைச் சொல்கிறேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு சந்தாக் காலம். கடைசி நான்கு சந்தாக் காலங்களில் பெற்ற மொத்த ஊதியத்தை 730ஆல் வகுத்தால் வருவது சராசரி நாள் ஊதியம். மாதம் 15,000 வீதம் இரண்டு ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். வகுத்தால் ஏறத்தாழ 493 ரூபாய். அதில் பாதி 246. 90 நாட்களுக்கு 22,000 ரூபாயைச் சற்றுத் தாண்டும். மேலப்பாளையம் தம்பி போட்ட 21,600 கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தங்கைக்கு மூன்று ஆண்டில் வரக்கூடிய பணம் அண்ணனுக்கு மூன்று மாதத்தில் வரும்.

நிபந்தனைகளும் உண்டு. குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டுக்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு வயதை அடைந்தவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று அறிவித்து நீட்டித்துக்கொண்டே வரும் திட்டம் என்பதால், வேலை போன நாள் நடப்பிலுள்ள நீட்டிப்புக்குள் வருகிறதா என்பதைக் கிளை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றுக்கு. அண்ணன் ஒப்பந்தத் தொழிலாளி என்கிறீர்கள். ஒப்பந்ததாரர் சம்பளத்தில் பிடித்தாரா, பிடித்ததைக் கட்டினாரா என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குச் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் பிடித்தம் காட்டியிருந்தார்கள். காப்பீட்டு எண்ணைக் கொண்டு இணையத்தில் பார்த்தபோது ஏழு மாதங்களுக்கு ஒன்றுமே செலுத்தப்படவில்லை. அவர் சம்பளச் சீட்டுகளைக் கோணியூசியில் கோத்து வைத்திருந்தபடியால், அந்தக் கட்டை அப்படியே அலுவலரின் மேசையில் வைக்க முடிந்தது. அண்ணனிடம் சம்பளச் சீட்டு இருக்கிறதா, இல்லை வங்கிக் கணக்கில் வந்த வரவு மட்டும்தானா என்பதை இன்றைக்கே கேளுங்கள்.

தென்காசி நண்பர் எழுதியது:

இந்தக் கேள்வி கேட்டவருக்கு நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவலாம் என்று எழுதுகிறேன். நான் மாற்றுத்திறனாளி; இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பியவன். எங்களுக்கு உதவித்தொகை விதிகள் வேறு. ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை, பதிவு செய்து ஓராண்டு நிறைந்தால் போதும். வருமான வரம்பும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை 600, மேல்நிலை 750, பட்டம் 1,000 ரூபாய் என்று, மூன்று ஆண்டுக்குப் பதிலாகப் பத்து ஆண்டுகள் கிடைக்கும். இதைத் தெரியாமல் என் ஊரில் ஒரு பெண் ஐந்தாண்டு முடியட்டும் என்று நான்கு ஆண்டுகள் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

என் அனுபவத்தில் இரண்டு விஷயங்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன்பு திருநெல்வேலியில் பதிந்திருந்த எங்களைப் போன்றவர்கள், எந்த அலுவலகத்தில் நம் பெயர் இருக்கிறது என்பதை ஒரு முறை நேரில் உறுதி செய்துகொள்வது நல்லது; நான் பழைய நினைவில் பாளையங்கோட்டைக்குப் பேருந்தேறிப் போய்த் திரும்பினேன். இன்னொன்று முழுக்க என் பிழை. ஆண்டு உறுதிமொழியைக் கொடுக்க மறந்து, இரண்டு காலாண்டுப் பணம் வராமல் நின்றது. வங்கியைச் சந்தேகப்பட்டு மூன்று முறை கணக்குப் புத்தகத்தில் பதிவு போட்டுப் பார்த்தேன். நான்காம் முறை காசாளர் அம்மாள், "தம்பி, அனுப்பினால்தானே இங்கே வரும்" என்றார்கள்.

மேலப்பாளையம் தேர்வாளர் எழுதியது:

இ.எஸ்.ஐ. கணக்கு எனக்கும் புதிய செய்தி. அண்ணன் சொந்தத் தொழில் தொடங்கும் எண்ணத்தில் இருந்தால், மாவட்டத் தொழில் மையத்தின் வழியாகப் படித்த வேலையில்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையும் விசாரிக்கலாம். வங்கிக் கடனோடு திட்ட மதிப்பில் 25 விழுக்காடு மானியம் உண்டு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும், பொறியியல் படித்தவர் என்று விலக்குவதில்லை. என் உறவினர் ஒருவர் அதில் கடன் பெற்றுத்தான் தையல் கடை வைத்திருக்கிறார். மானியத்தைவிட வங்கி மேலாளரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம் என்று அவர் சொல்வார்.

முக்கூடல் வாசகி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சென்ற செவ்வாய்க்கிழமை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய்வந்தேன்; நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஐயா எழுதிக் கொடுத்த வாசகத்தையே ஏறக்குறைய அப்படியே மனுவாக எழுதி, இரண்டு அட்டைகளையும் இணைத்துக் கொடுத்தேன். அங்கிருந்த அலுவலர் அம்மா இரண்டு எண்களையும் கணினியில் போட்டுப் பார்த்து, பழைய பதிவு 2022இல் புதுப்பிக்கப்படாமல் கழிந்துவிட்டது என்றார்கள். ஆனாலும் மனுவை வாங்கிக்கொண்டு, மேலிடத்துக்கு அனுப்பிப் பதில் வந்ததும் தெரிவிப்பதாகச் சொன்னார்கள். நகலில் முத்திரை கேட்டபோது ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மை உலர்ந்துபோன அச்சை இரண்டு முறை அழுத்திப் போட்டுக் கொடுத்தார்கள். 2022ஆம் ஆண்டுப் பதிவை அங்கேயே என் கைப்பேசியில் நானே புதுப்பித்தேன். கடவுச்சொல்லையும் நானே மாற்றினேன்.

பயிலும் வட்டத்திலும் பெயர் கொடுத்துவிட்டேன். தம்பி சொன்ன படிப்பு அறையில் அன்று இடமே இல்லை. சன்னலோரம் நின்றுகொண்டே ஒரு பெண் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கொண்டுவரலாமா என்று கேட்கத் தோன்றியது. முதல் நாளே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அண்ணனிடம் சம்பளச் சீட்டு முதல் ஆண்டுக்கு மட்டும்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வாட்சப்பில் படமாக அனுப்பினார்களாம். பழைய கைப்பேசி தாமிரபரணியில் விழுந்ததோடு அவையும் போயின. காப்பீட்டு எண்ணைக் கொண்டு பார்த்ததில் கடைசிச் சந்தாக் காலத்தில் 78 நாட்களுக்கு மேலேயே கட்டியிருக்கிறார்கள். நடுவில் ஓர் இரண்டு மாதம் மட்டும் விடுபட்டிருக்கிறது. சங்கத்து அண்ணாச்சி, அந்த இரண்டு மாதத்தால் கோரிக்கை தடைபடுமா?

ஆலைச் சங்கத்துக்காரர் எழுதியது:

தங்கச்சி, கடைசிச் சந்தாக் காலத்தில் 78 நாள் இருப்பது பெரிய நிம்மதி. அதற்கு முந்தைய மூன்று சந்தாக் காலங்களில் ஏதேனும் ஒன்றிலும் 78 நாட்கள் இருக்க வேண்டும்; நடுவில் இரண்டு மாதம் மட்டுமே விடுபட்டிருந்தால் அதுவும் இருக்கும். விடுபட்ட மாதங்களின் ஊதியம் மொத்தத்தில் சேராததால் தொகை சற்றுக் குறையலாம், கோரிக்கை தடைபடாது. ஆனால் அந்த இரண்டு மாதத்துக்கும் சம்பளம் வந்ததற்கான வங்கிக் கணக்குப் பதிவை அச்செடுத்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால் அதைத் தனியாகப் புகார் செய்யலாம். கோரிக்கையை முதலில் கொடுங்கள். புகாரை மறு நாள் கொடுக்கலாம். இரண்டையும் ஒரே தாளில் எழுதிவிட்டால், புகார் தீரும் வரை கோரிக்கையும் அந்தக் கோப்புக்குள்ளேயே கிடக்கும்.

முக்கூடல் வாசகி எழுதியது:

வெள்ளிக்கிழமை அண்ணனை அனுப்புகிறேன், அண்ணாச்சி. இரண்டு அட்டைகளையும் முத்திரை போட்ட நகலையும் இப்போதைக்கு அம்மாவின் பாஸ்புத்தகத்துக்குள்தான் திரும்பவும் வைத்திருக்கிறேன். புதுப்பிக்க வேண்டிய அடுத்த நாளை, 2028 ஜூலை என்று, அதன் மேலட்டையில் அம்மாவே பேனாவால் பெரிதாக எழுதிவிட்டார்கள். பீடிக் கடையில் கணக்குப் பார்ப்பவர் வாரந்தோறும் அதைப் படித்துவிட்டு, இது எதற்கு என்று கேட்கிறாராம்.